காலடி உறுதி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில், தேகப்பியாசப் பிரிவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றிக் கற்றறிந்தோர் பேசிச் சென்ற இம்மேடையிலே, காலையும் சப்பாத்தையும் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் வீடு கட்டுவோர் முதலில் அத்திவாரத்தைத்தான் பார்க்கின்றனர். தோளிலே பாரம் ஏற்றுபவனுக்கு அத்திவாரம் அவனுடைய பாதம். அதைக் கவனியாமல் நாம் செய்த ஒரு தவறே இன்று எம்மைப் பேச வைத்திருக்கிறது. ஆகவே இப்பேச்சை ஒரு விளக்கமாகவும், ஒரு மன்னிப்புக் கோரலாகவும் ஏற்றருளுமாறு வேண்டுகின்றோம்.

சென்ற ஆண்டு நிகழ்ந்ததை உங்களிற் பலர் அறிவீர்கள். பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நாம், சங்கத்தின் தேகப்பியாச அறையில் இளைய அங்கத்தவர்களுக்குப் பாரப் பயிற்சி பழக்கினோம். அவர்களுள் நெடிய கால்களையுடைய ஒரு தம்பி மிகுந்த ஆர்வத்துடன் வந்து சேர்ந்தார். அவருக்கு இரண்டு விதிகளைச் சொன்னோம். பாதங்கள் இரண்டும் நேராக முன்னோக்கி நிற்க வேண்டும் என்பது ஒன்று. குந்தும்போது முழங்கால் பெருவிரலைத் தாண்டக் கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் யாரோ சொல்ல நாம் கேட்டிருந்தோமேயன்றி, ஏன் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. காலில் அவர் அணிந்திருந்தது ஓட்டத்துக்குரிய மெத்தென்ற சப்பாத்து. அதையும் நாம் கவனிக்கவில்லை.

70 கிலோகிராம் பாரத்தோடு மூன்றாம் முறை குந்தியபோது அவருடைய குதிக்கால்கள் மேலெழுந்தன. முதுகு வில்லாக வளைந்தது. பக்கத்தில் நின்ற இருவரும் தண்டைப் பிடித்துக்கொண்டபடியால் பெரிய விபத்து ஏற்படவில்லை. எனினும் முதுகுத் தசை பிடித்து மூன்று கிழமை அவர் வீட்டிலே கிடந்தார். பார்க்கச் சென்ற எம்மிடம் அவருடைய தாயார் கோபமாக எதுவும் பேசவில்லை. "அவன் உங்களை நம்பித்தானே வந்தவன், தம்பி" என்று மாத்திரம் சொன்னார். கோபித்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பின்னர், பாரத் தண்டைப் பூட்டி வைத்துவிட வேண்டும் என்ற யோசனை சங்கக் கூட்டத்தில் எழுந்தது. அவ்வாறு சொன்ன பெரியோர்மீது எமக்கு ஒரு சிறிதும் மனத்தாங்கல் இல்லை. பிள்ளைகளின்மேல் வைத்த அன்பினாலேயே அவர்கள் அப்படிக் கூறினார்கள். இறுதி முடிவு இவ்வாண்டு எடுக்கப்பட இருக்கிறது. அதற்கு முன், நாம் எங்கே பிழைத்தோம் என்பதை உங்கள் முன் வைப்பது எமது கடமை.

நாம் பேசும் பயிற்சி ஸ்குவாட் எனப்படுவது. இரும்புத் தண்டைத் தோளின் பின்புறத்தில் தாங்கி, இடுப்பும் முழங்காலும் மடியக் குந்தி, மீண்டும் எழுவதே அது. குந்தி எழுதல் எமக்குப் புதியதன்று. பிள்ளையார் முன்னிலையிற் சிறுவர் தோப்புக்கரணம் போடுகின்றனர். தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும் பெண்களும், கிணற்றடியிற் பாத்திரம் விளக்கும் பாட்டிமாரும் வெறுங்காலுடன், குதிக்கால் நிலத்திற் படியக் குந்தியிருப்பதை நாள்தோறும் காண்கிறோம். கதிரையும் மேசையும் மோட்டார்ச் சைக்கிளுமாய் வளர்ந்த எம்மவர் பலருக்கு அப்படி இரண்டு நிமிடம் இருக்க இயலாமற் போய்விட்டது. பாரம் ஏற்றுமுன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய முதலாவது விடயம் இதுவே.

மேல்நாட்டிலும் இப்பயிற்சி நெடுங்காலம் குறைந்த பாரத்துடன், பாதத்தின் முன்பகுதியில் நின்று, குதிக்காலை உயர்த்தியே செய்யப்பட்டு வந்தது. ஜெர்மனியிற் பிறந்த ஹென்றி ஸ்டைன்போர்ன் என்ற மல்லர் முதலாம் உலக யுத்த காலத்தில் அவுஸ்திரேலியாவிலே தடுத்து வைக்கப்பட்டிருந்தார். 1921ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற அவர், பாதம் முழுவதும் நிலத்திற் படிய, மிகப் பெரும் பாரத்துடன் ஆழக் குந்தி எழுந்து காட்டினார். தாங்கிகள் இல்லாத அக்காலத்தில், நிலத்திற் கிடந்த தண்டை ஒரு முனையில் நிறுத்திச் சரித்துத் தோளில் ஏற்றிக்கொள்வார். பாதத்தை முழுதாகப் பதித்தபோதுதான் பெரும் பாரம் சாத்தியமாயிற்று என்பது கருதத்தக்கது. எங்கள் பாட்டிமார் அறிந்திருந்த பாதநிலையையே அவரும் கைக்கொண்டார்.

இனி, ஆழமாகக் குந்தினால் முழங்கால் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெரியோருக்கு ஒரு வார்த்தை. இவ்வச்சம் ஆதாரமின்றி எழுந்ததன்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன் என்பவர், ஆழக் குந்தும் பயிற்சி முழங்காலின் பிணைப்பு நார்களைத் தளர்த்துகிறது என்று 1961ஆம் ஆண்டில் எழுதினார். அது பல பாடசாலைகளின் பயிற்சி முறையையே மாற்றிற்று. பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் வேறு கருவிகளைக் கொண்டு சோதித்தபோது, அத்தகைய தளர்ச்சியைக் காணவில்லை. நோயற்ற முழங்காலுக்கு, படிப்படியாகப் பாரம் கூட்டிச் செய்யும் குந்தல் கேடு விளைவிப்பதில்லை என்பதே இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. முழங்காலில் முன்னரே காயமோ வாதமோ உள்ளவர் வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, நாம் அந்தத் தம்பிக்குச் சொன்ன விதிக்கு வருவோம். தோளிலுள்ள தண்டு எப்போதும் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இன்றேல் மனிதன் முன்னே அல்லது பின்னே சாய்வான். குந்தும்போது தொடை இடுப்பைப் பின்னே கொண்டு போகிறது. அதை ஈடுசெய்ய முழங்கால் முன்னே வரவேண்டும். அல்லது நெஞ்சு முன்னே சாய வேண்டும். முழங்காலை முன்னே வரவிடாது தடுத்தால், சாய்வு முழுவதும் முதுகின்மேல் வந்து விழும். தொடை நீண்டவருக்கு இச்சாய்வு இன்னும் அதிகமாகும்.

அமெரிக்காவிலே ஆண்ட்ரூ ஃப்ரை என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒன்று இதனைத் தெளிவாக்குகிறது. ஏழு ஆடவர் தத்தம் உடல் நிறைக்குச் சமமான பாரத்துடன் குந்தினர். முதலில் முழங்காலைத் தன்னிச்சையாக முன்னே செல்ல விட்டனர். பின்னர் ஒரு பலகையை வைத்து அதைத் தடுத்தனர். தடுத்தபோது முழங்காலின் திருப்புவிசை ஏறத்தாழ 150 நியூட்டன் மீற்றரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. ஆனால் இடுப்பின் திருப்புவிசையோ 28இலிருந்து 303 ஆக உயர்ந்தது! முழங்காலுக்கு ஒரு பங்கு இலாபம் தேடப் போய், இடுப்பிலும் முதுகிலும் பத்துப் பங்கு கடனை ஏற்றிவிடுகிறோம். குட்டையான தொடையுடைய எமக்கு முழங்கால் இயல்பாகவே பெருவிரலைப் பெரிதும் தாண்டுவதில்லை. ஆகவே அவ்விதி மெய்யென்று நம்பினோம். எமக்கு வில்லங்கமின்றி அமைந்ததை, நெடிய கால்களையுடைய ஒருவர்மேற் சுமத்தினோம். எமது பிழையின் வேர் இதுவே.

அப்படியாயின் ஒருவர் தமக்குரிய நிலையை எவ்வாறு கண்டுகொள்வது?

தொடையெலும்பின் தலை பந்து போன்றது. அது இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியிற் பொருந்தியிருக்கிறது. அக்குழியின் ஆழமும், அது நோக்கும் திசையும், தொடையெலும்பின் திருகலும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருடைய இடக்காலுக்கும் வலக்காலுக்குமே வேறுபாடு இருப்பதுண்டு. எலும்போடு எலும்பு முட்டுமிடத்தில் எவ்வளவு பழகினாலும் வழி பிறக்காது. ஆகவே பாதங்களை இத்தனை அங்குலம் அகற்றி, இத்தனை பாகை திருப்பி வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே சட்டம் இயற்ற முடியாது. தோளளவு அகலமும், விரல்கள் 15 முதல் 30 பாகை வரை வெளியே திரும்புதலும் பலருக்குப் பொருந்தும் ஆரம்ப நிலை எனலாம். அங்கிருந்து அவரவரே தேட வேண்டும்.

தேடுவதற்கு இரண்டு எளிய சோதனைகள் உண்டு. முதலாவது இடுப்புக்கு. கைகளையும் முழங்கால்களையும் நிலத்தில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, இடுப்பைக் குதிக்காலை நோக்கி மெல்லப் பின்னே கொண்டு செல்லுங்கள். ஒரு கட்டத்தில் நாரி வளையத் தொடங்கும். முழங்கால்களைச் சற்று அகற்றியும் ஒடுக்கியும் மீண்டும் செய்து பாருங்கள். எந்த அகலத்தில் நாரி வளையாது கூடிய தூரம் செல்ல முடிகிறதோ, அதுவே உங்கள் இடுப்பு விரும்பும் அகலம். பக்கத்தில் ஒரு நண்பர் நின்று பார்ப்பது நன்று. தன் முதுகைத் தான் காண முடியாதல்லவா?

இரண்டாவது கணுக்காலுக்கு. வெறுங்காலுடன் சுவருக்கு முன் நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர், அதாவது நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். குதிக்கால் எழாமல் முழங்காலை முன்னே வளைத்துச் சுவரைத் தொட முடிந்தால், கணுக்கால் போதிய அளவு மடங்குகிறது எனக் கொள்ளலாம். இயலாதவருக்குக் குந்தும்போது ஒன்று குதிக்கால் எழும். அல்லது முதுகு முன்னே சாயும். அல்லது பாதத்தின் உட்புற வளைவு சரிந்து முழங்கால் உள்ளே விழும்.

நிலை எதுவாயினும் இரண்டு காரியங்கள் மாறுவதில்லை. பெருவிரலின் அடி, சிறுவிரலின் அடி, குதிக்கால் ஆகிய மூன்றும் அடுப்பின் மூன்று கற்களைப் போல ஒருங்கே நிலத்தை அழுத்த வேண்டும். முழங்கால் எப்போதும் பாதவிரல் நோக்கும் திசையிலேயே செல்ல வேண்டும். பாதம் வெளியே திரும்பியிருக்க முழங்கால் உள்ளே செல்வதும், பாதம் நேரே இருக்க முழங்கால் வெளியே இழுபடுவதும் மூட்டை முறுக்கும்.

இப்போது சப்பாத்துக்கு வருவோம். இளைஞர்கள் இதற்காகவே காத்திருப்பீர்கள்!

ஓட்டத்துக்குரிய சப்பாத்தின் அடி, நிலத்திலிருந்து வரும் அதிர்ச்சியை விழுங்குவதற்காக மெத்தென்று செய்யப்பட்டது. ஓடுபவனுக்கு அது நன்மை. பாரந் தாங்குபவனுக்கோ அது மெத்தைமேல் நின்று மூட்டை தூக்குவதை ஒக்கும். பாரம் கூடக் கூட அடி நசியும். அதுவும் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் நசியும். பாதம் ஓர் இம்மி சரிந்தால் தோளில் உள்ள தண்டு எவ்வளவு ஆடும் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

வெறுங்கால் நிலத்தை நன்கு உணரும்; செலவும் இல்லை. ஆயினும் தட்டு விழுந்தால் விரல்களுக்குக் காப்பில்லை. சீமெந்துத் தரையில் வியர்வை பட்டால் வழுக்கவும் கூடும். போட்டிகளிற் சப்பாத்து அணிதல் விதியாகவும் உள்ளது. வெறுங்காலின் நன்மையை ஏறக்குறைய அப்படியே தருவது, கடினமான தட்டை றப்பர் அடியுள்ள கன்வஸ் சப்பாத்து. கணுக்கால் நன்கு மடங்குபவருக்கும், கால்களை அகற்றி இடுப்பைப் பின்னே தள்ளிக் குந்துபவருக்கும் அது போதுமானது. விலையும் அதிகமன்று.

மூன்றாவது, பளுதூக்கும் வீரர் அணியும் குதியுயர்ந்த சப்பாத்து. குதியின் உயரம் பெரும்பாலும் முக்கால் அங்குலம். அது மரம், அடுக்கிய தோல், கடினமான பிளாஸ்ரிக் போன்ற நசியாத பொருளால் ஆனது. பாதம் உள்ளே அசையாதிருக்கக் குறுக்கே ஒரு வாரும் இருக்கும். குதி உயர்ந்தால், மடங்காத கணுக்காலுடையவருக்கும் முழங்கால் முன்னே செல்ல இடம் கிடைக்கிறது, இடுப்பு பாதத்துக்கு அருகே வருகிறது, நெஞ்சு நிமிர்கிறது. முதுகின் சுமை குறைய, தொடையின் முன்புறத் தசை அதிகம் உழைக்கிறது. சுமை மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

போட்டியாளரிடத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ஒலிம்பிக் பளுதூக்கலில் ஸ்குவாட் ஒரு போட்டி அன்று. எனினும் தலைக்குமேல் அல்லது தோளின் முன்புறம் பாரத்தை ஏந்தி ஆழக் குந்த வேண்டியிருப்பதால், வீரர்கள் நிமிர்ந்த முதுகையும் உயர்ந்த குதியையும் விரும்புகின்றனர். 2006ஆம் ஆண்டில் மெல்போர்ணில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில், 62 கிலோகிராம் பிரிவிலே எமது நாட்டுக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்த சிந்தன விதானகே அப்போட்டியைச் சேர்ந்தவர். பவர்லிஃப்ரிங் எனப்படும் மற்றைய போட்டியில் ஸ்குவாட்டே முதலாவது அங்கம். இடுப்பு மூட்டின் மடிப்பு முழங்காலின் மேற்பரப்பிலும் தாழ்ந்தால் அங்கே போதுமானது. ஆகையால் பலர் தண்டைச் சற்றுத் தாழ வைத்து, கால்களை அகற்றி, தட்டையான சப்பாத்தோடு குந்துகின்றனர். உயர்ந்த குதியுடன் வெல்வோரும் உளர். எனவே ஒரு வீரரின் படத்தைப் பார்த்து அவரைப் போல நிற்க முயல்வது, இன்னொருவரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி அணிவது போலாகும்.

அந்தத் தம்பியின் கதையை முடிக்க வேண்டும். அவர் குணமடைந்து, வைத்தியர் அனுமதித்த பின்னர், தாயாரிடம் கேட்டுக்கொண்டே மீண்டும் வந்தார். இம்முறை விதி எதையும் சொல்லாமல் சுவருக்கு முன் நிறுத்தினோம். இரண்டு அங்குலத்திலேயே அவருடைய வலக் குதிக்கால் எழுந்துவிட்டது. பாடசாலையிற் காற்பந்து ஆடியபோது சுளுக்கிய கணுக்கால் அது என்று அப்போதுதான் சொன்னார். நாம் முன்னர் கேட்டதே இல்லை!

குதியுயர்ந்த சப்பாத்தின் விலை எமது சக்திக்கு அப்பாற்பட்டது. ஆகவே பாடசாலைக்கு அணிந்த அவருடைய பழைய கறுப்புத் தோற் சப்பாத்தைச் சந்தியிலுள்ள சப்பாத்துத் தைப்பவரிடம் கொண்டு போனோம். அவர் எமது நோக்கத்தைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் நாம் எண்ணாத ஒன்றை எண்ணினார். "குதியை மட்டும் உயர்த்தினால் வழுக்கும் தம்பி" என்று கூறி, கடினத் தோலை அடுக்கிக் குதியை முக்கால் அங்குலமாக்கி, அடி முழுவதும் மெல்லிய றப்பர் ஒட்டி, ஆணியும் அடித்துத் தந்தார். குதிக்கு அடியில் இரும்புத் தட்டுகளை வைத்துக் குந்துவதிலும் இது எவ்வளவோ பாதுகாப்பானது. தட்டு நழுவலாம், காலோடு பூட்டிய குதி நழுவாது.

பின்னர் வெறுந் தண்டுடன், அதாவது 20 கிலோகிராமுடன் தொடங்கினார். பாதங்களைத் தோளிலும் சற்று அகல வைத்து, விரல்களை வெளியே திருப்பினார். கிழமைக்கு இரண்டரைக் கிலோகிராமே கூட்டினோம். கணுக்காலைத் தளர்த்தும் பயிற்சியையும் நாள்தோறும் செய்தார். ஏனெனில் சப்பாத்து ஊன்றுகோலேயன்றி மருந்தன்று. ஐந்து மாதம் கழித்து, முன்பு அவரை வீழ்த்திய அதே 70 கிலோகிராமை ஐந்து முறை குந்தி எழுந்தார். குதிக்கால் அசையவில்லை. அன்று மாலை அவர் வீட்டுக்குச் சென்றோம். தாயார் தேநீர் தந்தார். பாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் இருந்த சப்பாத்தை மாத்திரம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

பெரியோர்களே, தண்டைப் பூட்டி வைப்பதா என்ற கேள்விக்கு எமது விண்ணப்பம் இது. அறையைத் திறந்து வையுங்கள். ஆனால் சில கட்டுப்பாடுகளுடன் திறந்து வையுங்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் பழைய காயங்களை முதலிற் கேட்டறிந்து, இடுப்பையும் கணுக்காலையும் சோதித்து, ஒரு கொப்பியில் எழுதி வைக்கப்பட வேண்டும். மெத்தென்ற சப்பாத்துடன் எவரும் பாரத்தின் கீழே நிற்கக் கூடாது. ஒரு முறையில் ஒன்றை மாத்திரமே மாற்ற வேண்டும். சப்பாத்தை மாற்றிய நாளிற் பாரத்தைக் கூட்டக் கூடாது. இருவர் பக்கத்தில் நில்லாமலோ, காப்புச் சட்டம் இல்லாமலோ குந்துதல் ஆகாது. பழக்குபவர் எவராயினும், தம் உடலுக்குப் பொருந்தியதைப் பிறருக்குச் சட்டமாக்கக் கூடாது. இக்கடைசி விதியை எமக்காகவே எழுதினோம்.

இளைஞர்களே, பாரத்தின் தொகையைக் கேட்பவர் பலர். பாதத்தின் நிலையைக் கேட்பவர் சிலர். நீங்கள் அச்சிலரைச் சேர்ந்தவர்களாகுங்கள். சகோதரிகளுக்கும் இவ்வறை உரியதே; 15 கிலோகிராம் தண்டு ஒன்றைச் சங்கம் வாங்கித் தருமாயின் அவர்கள் தொடங்க வசதியாக இருக்கும்.

எம்மை நம்பி வந்த ஒருவரை நாம் சரியாகப் பாராமல் விட்டோம். அதற்காக அந்தத் தம்பியிடமும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய தாயாரிடமும் இச்சபையின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கின்றோம்.